விமானங்கள் நின்ற வைகாசி

போன மாதம் நம் பள்ளிக்கூடத்துப் பெண்கள் எல்லாரும் கூடியபோது ஒன்றைக் கவனித்தேன். நம்மில் பாதிப்பேர் காதில் மிஷின் வைத்திருக்கிறோம். மீதிப் பாதி, வைத்துக்கொள்ள வேண்டியவர்கள். இந்த லட்சணத்தில் என்னைப் பார்த்து, "அந்தச் சத்தத்துல எப்படிடி குடியிருக்கே? வீட்டை வித்துட்டு டவுனுக்குள்ள வந்துடேன்" என்று கேட்டீர்கள். என் வீட்டுக்கு மேலே போகும் விமானங்களைப் பற்றித்தான் அந்தக் கரிசனம். நானும் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கோபம் வந்தது. உங்கள்மேல் இல்லை. அந்தச் சத்தத்தை விட்டு ஏன் வரமாட்டேன் என்பதை இத்தனை வருஷமாக உங்களிடம் சொல்லாமலே இருந்துவிட்டோமே என்ற கோபம்.

நீங்களெல்லாம் ஆறாம் வகுப்பில் எனக்கு வந்து சேர்ந்தவர்கள். நான் சொல்வது அதற்கு முந்திய வருஷத்துக் கதை. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் மிஷினைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

எங்கள் ஊர் தஞ்சாவூருக்குத் தெற்கே, புது ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஊருக்கும் விமான தளத்துக்கும் நடுவே எங்கள் வயலும் ஒரு வாய்க்காலும் முள்வேலியும்தான். எனக்கு விவரம் தெரிந்தபோது அதைத் தளம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட நீளமான பாதை, அவ்வளவுதான். வெடிப்புகளில் எருக்கு முளைத்துக் கிடக்கும். வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அறுவடை முடிந்ததும் ஊர் நெல் முழுக்க அந்தப் பாதையில்தான் காயும். நாங்கள் பிள்ளைகள் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே போவோம். உள்ளங்காலில் ஏறும் அந்தச் சூடும், வெயிலில் வேகும் நெல்லின் வாசமும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. "இவ்ளோ நல்ல களம் இந்த ஜில்லாவுலயே கிடையாது" என்பார் அப்பா. அவருடைய அப்பா காலம் வரைக்கும் நாங்கள் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். சொந்தமாக நிலம் வாங்கிய முதல் ஆள் அப்பாதான். அதனால் களம், வாய்க்கால், வரப்பு எதைப் பார்த்தாலும் அவருக்குக் கொஞ்சம் பெருமை வந்துவிடும்.

அந்த வருஷம் தை அறுவடை முடிந்து நெல்லைக் கொண்டுபோனால் வேலியில் ஓட்டை இல்லை. புதுக் கம்பி. உள்ளே தார் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா நெல் மூட்டைகளோடு வண்டியில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டு மாட்டைத் திருப்பினார்.

அடுத்த மாதம், மாசியில், அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. எனக்குப் பிறகு பிறந்த ஒரு பெண் குழந்தை பெயர் வைப்பதற்கு முன்னாலேயே போய்விட்டதால், இந்தத் தடவை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சந்தோஷப்படக்கூட இல்லை. காய்ச்சல் விடும்போது அம்மாவின் முகத்திலும் கழுத்திலும் பொடிப்பொடியாகச் சிவந்து கிடந்தது. அத்தை விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்துவிட்டு, "மணல்வாரி" என்றாள்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. புருஷன் இறந்தபின் எங்களோடு வந்து இருந்தாள். வீட்டுச் சாவி அவள் இடுப்பில்தான். அவள் சொன்னால் சொன்னதுதான்.

எங்கள் தெருவில் அம்மை போட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார்கள். ஊசி கூடாது, தாளிப்பு கூடாது, வேப்பிலையும் இளநீரும்தான். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள், மூன்று தலைமுறையாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் இந்த ஒரு வழக்கம் மட்டும் எங்களை விடவில்லை. ஊரில் மற்றவர்கள் வேப்பிலையை வாசலில் செருகுவார்கள். நாங்கள் செருகினால் போதகர் பார்த்துவிடுவார். அதனால் அத்தை வேப்பிலையை அம்மாவின் பாய்க்கு அடியில் பரப்பினாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் அம்மைக்கு ஊசி போட்டதாகத் தெரு ஏசும், பாய்க்கு அடியில் வேப்பிலை இருக்கிற விஷயமும் கோயில்வரை போகும். ஆக, வாசலும் மூடியது, ஆஸ்பத்திரியும் மூடியது. கேட்டவர்களிடம், "குத்தாலத்துக்கு, அவ அம்மா ஊட்டுக்குப் போயிருக்கா" என்று சொன்னாள் அத்தை. என்னிடமும், "யாரு கேட்டாலும் குத்தாலம்னு சொல்லு" என்றாள். சில நாளில் சிவப்பு மறைந்தது. வேப்பிலையை அத்தை அடுப்பில் போட்டு எரித்தாள். வீடு அதை மறந்தது.

பங்குனியில் முதல் விமானம் வந்தது.

நானும் அம்மாவும் உளுந்து வயலில் இருந்தோம். யாரோ பெரிய தகரத்தை வானத்தில் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடுவதுபோல ஒரு சத்தம் பின்னாலிருந்து வந்தது. நான் காதைப் பொத்தினேன். அம்மா காதைப் பொத்தவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போனபிறகும் எழுந்திருக்கவில்லை. "உள்ள இருக்கிறது பயந்திருக்கும்ல?" என்று என்னிடம் கேட்டாள். பத்து வயதுப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது?

அன்றிலிருந்து வீட்டில் ஒரே ஒரு வேலைதான். வயிற்றில் இருக்கிற பிள்ளையைச் சத்தம் அண்டாமல் காப்பாற்ற வேண்டும்.

அம்மாவின் காதுகளில் பஞ்சு வைக்கப்பட்டது. அவள் படுக்கிற அறையின் ஜன்னலில் சாக்கு அடிக்கப்பட்டது. பரணில் இருந்த பித்தளைப் பாத்திரங்கள் கிடுகிடுவென்று ஆடிச் சத்தம் போட்டதால், அவற்றை இறக்கி வைக்கோலில் கவிழ்த்து வைத்தோம். அத்தை ஒரு பண்ணரிவாளை அம்மாவின் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். அடைக்கோழி உட்காரும்போது இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும் என்று கூடையில் இரும்பும் கரியும் போட்டு வைப்போமே, அதே யோசனைதான். இடிக்கு இரும்பு காவல் என்றால் விமானத்துக்கும் அது காவல் காக்காதா?

கோழிக்குக் காக்கவில்லை. அந்தச் சித்திரையில் எங்கள் அடைக்கோழிக்கு வைத்த முட்டை எல்லாம் கூழாகிப்போனது. இரும்பும் கரியும் போட்டிருந்தும் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. வெயிலோ, சேவல் சரியில்லையோ, யார் கண்டது? அத்தை ஒவ்வொரு முட்டையாகக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். கொல்லையில் குழி தோண்டி எல்லாவற்றையும் புதைத்தாள். அறைக்குள்ளிருந்து அம்மா, "அண்ணி, குஞ்சு பொரிச்சிடுச்சா?" என்று கேட்டாள். "பொரிச்சிடுச்சு, பொரிச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு, அடுத்த தெருவுக்குப் போய் ஒரு கூடைக் குஞ்சுகளை வாங்கிவந்து அம்மாவிடம் காட்டினாள். அம்மா ஒன்றைக் கையில் எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அத்தை என்னை முறைத்தாள். அத்தையின் பொய்கள் எல்லாம் இப்படித்தான். யாரையாவது தாங்கிப் பிடிப்பதற்காகச் சொன்னவை.

சத்தத்தோடு வாழ ஊரும் பழகிக்கொண்டது. பேசிக்கொண்டிருக்கும்போது விமானம் வந்தால் பேச்சை அப்படியே நிறுத்துவோம். வாயில் இருக்கிற வார்த்தையை வைத்துக்கொண்டு காத்திருந்து, சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். வெளியூர்க்காரர்களுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். எங்கள் போதகர் மட்டும் பிரசங்கத்தில் விட்ட இடத்தை மறந்துவிடுவார். சபையார் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அப்பா ஒருநாள் தளத்து வாசலுக்கே போய், விமானம் எந்த நேரத்துக்கு வரும் என்று சொன்னால் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிக்கு வசதியாக இருக்கும் என்று கேட்டார். காவலுக்கு நின்றவருக்குத் தமிழ் தெரியாது. அப்பா கையை விரித்து விமானம்போலக் காட்டி, பிறகு வயிற்றைப் பெரிதாகக் காட்டினார். அந்த ஆள் சிரித்து, அப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

கையால் பேசுவது அப்பாவுக்கு எங்களிடமிருந்து தொற்றிய வழக்கம். சத்தம் ஓயும்வரை பிள்ளைகளால் காத்திருக்க முடியுமா? நாங்கள் கையாலேயே பேச ஆரம்பித்தோம். விரலைக் குவித்து வாயருகே கொண்டுபோனால் சோறு. உள்ளங்கையைக் கவிழ்த்து அழுத்தினால் உட்கார், பேசாதே. இடுப்பில் சாவி தொங்குவதுபோலக் காட்டினால் அத்தை வருகிறாள், ஓடு. வயலில் நடவுப் பெண்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பஞ்சு அடைத்த காதோடு இருந்த அம்மாவிடம் வீடே கையால்தான் பேசியது. அத்தைகூட மாறிவிட்டாள். கடைசியில் விமானம் இல்லாத நேரத்திலும் வாய்க்குப் பதில் கைதான் முதலில் எழும்பியது.

புரட்டாசியில் தம்பி பிறந்தான். நல்ல கனம், நல்ல அழுகை. அப்பா தெருவெல்லாம் கல்கண்டு கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே விமானம் வந்தது. அம்மா அவன்மேல் கவிழ்ந்து கொண்டாள். அத்தை ஓடிவந்து அவன் காதுகளைப் பொத்தினாள். நான் கதவைச் சாத்தினேன். சத்தம் போனபிறகு மூன்று பேரும் பயந்து பயந்து அவனைப் பார்த்தோம். அவன் அழவில்லை. திடுக்கிடவும் இல்லை. கண்ணைத் திறந்து, விரல்களை விரித்துக்கொண்டு கிடந்தான்.

அத்தைக்கு உயிர் வந்தது. "பாத்தியா, என் சிங்கம் பயப்படலை! வயித்துல இருந்தே கேட்டுக் கேட்டுப் பழகிட்டான்!"

அவன் வளர வளர எங்கள் சந்தோஷமும் வளர்ந்தது. சுவரோடு ஒட்டிப் போட்ட மரக்கட்டிலில்தான் அவனைக் கிடத்துவோம். தளத்தில் விமானம் உறுமத் தொடங்கும்போதே அவன் முகம் மாறும். கை கால் நின்றுவிடும். கண் அகலும். பிறகு சிரிப்பான். அதற்குப் பிறகுதான் எங்களுக்குச் சத்தம் கேட்கும். "நமக்கு முன்னாடியே அவனுக்குக் கேக்குதுடி, பாம்புக் காது" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அவன் சிரித்தால் நாங்கள் அடுப்படியில் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைப் பார்க்கவே வந்தார்கள். அம்மா மெதுவாகப் பஞ்சை எடுத்துப் போட்டாள். ஜன்னல் சாக்கை அவிழ்த்தாள். கண்டம் கடந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தோம்.

தம்பிக்கு எட்டு மாதம் ஆனபோது, வைகாசியில், விமானங்கள் நின்றன. பாதை எங்கேயோ பெயர்ந்துவிட்டதாகவும் பழுது பார்ப்பதாகவும் சொன்னார்கள். ஊர் திடீரென்று அமைதியானது. மனிதர்கள் பழக்க தோஷத்தில் கத்திப் பேசிவிட்டு, அசடு வழிந்தார்கள். மீன்கொத்தி கத்துவதையும் வாய்க்காலில் தவளை குதிப்பதையும் நான் அப்போதுதான் மறுபடி கேட்டேன். அத்தை, "இப்பதான் காதுக்கு விமோசனம்" என்றாள்.

தம்பி மட்டும் வாடிப்போனான். கட்டிலில் கிடந்து சுவரையே பார்ப்பான். காரணமில்லாமல் சிணுங்குவான். பல் முளைக்கிறது என்றாள் அத்தை.

ஒரு சாயங்காலம் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றேன். அவன் என் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தான். எங்களுக்குப் பின்னால் அம்மாவின் கையிலிருந்து தவலை மூடி நழுவிக் கல்லில் விழுந்தது. அந்த அமைதியில் அது விழுந்த சத்தத்துக்குக் கோழிகள் எல்லாம் சிதறின. பூனை ஓடு ஏறியது. நான் துள்ளிவிட்டேன். என் துள்ளலில் பொத்தான் அவன் வாயிலிருந்து நழுவ, அவன் அதைத் திரும்பப் பிடித்துக் கடிக்க ஆரம்பித்தான்.

அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"ஆடாம நில்லுடி" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. மூடியை எடுத்தாள். அவன் தலைக்குப் பின்னால் பிடித்து, கரண்டியால் ஓங்கி அடித்தாள். என் காது அடைத்துப்போனது. அவன் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தான். அவள் மறுபடி அடித்தாள். மறுபடி. நான் அழ ஆரம்பித்தேன். நான் அழுவதைப் பார்த்ததும்தான் அவன் முகம் சுருங்கி அழுதான்.

அத்தை ஓடிவந்தாள். "உனக்கென்ன பைத்தியமா? புள்ளை பயந்துடப் போவுது!"

"அவன் பயப்படலை அண்ணி" என்றாள் அம்மா. "அவனுக்குக் கேக்கலை."

"என்ன உளர்றே? ப்ளேன் வந்தா சிரிக்கிறானே! நமக்கு முன்னாடி கேக்குதே அவனுக்கு!"

"கூப்பிட்டுப் பாருங்க."

அத்தை கூப்பிட்டாள். செல்லமாகக் கூப்பிட்டாள், அதட்டிக் கூப்பிட்டாள், தட்டைத் தட்டினாள். பிறகு அப்பா வந்தார். அவர் விசிலடித்தார். கை தட்டினார். ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடிக்கும்போது அவனை நேர் கீழே தூக்கிக்கொண்டு போய் நின்றார். அவன் ஆடுகிற கயிற்றைப் பார்த்துக் கையை நீட்டினான். அவ்வளவுதான். அன்றைக்கு அப்பா ஆராதனைக்கு உள்ளே வரவில்லை. மணிக்கூண்டின் கீழேயே அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் அப்பா ஒரே பேச்சாகச் சொன்னார். "ப்ளேன்தான். ப்ளேன்தான் என் புள்ளை காதைத் தின்னுடுச்சு." ஊரும் அதையே சொன்னது. வேலியைப் பார்த்துத் துப்பிவிட்டுப் போனவர்கள் உண்டு.

தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எல்லாரும் போனோம். என்னையும் கூட்டிப்போனதற்குக் காரணம், தம்பி என்னிடம்தான் அழாமல் இருப்பான். பெண் டாக்டர். வயதானவர், அதட்டல் இல்லாதவர். அவன் பின்னால் நின்று எதையெதையோ தட்டினார், ஊதினார், ஒரு கம்பியை அதிர வைத்துக் காதருகே பிடித்தார். அவன் அசையவில்லை. அதே கம்பியின் அடியை அவன் கன்னத்து எலும்பில் வைத்தார். அவன் கண் அகன்றது, சிரித்தான். கட்டிலில் கிடந்து சிரிப்பானே, அதே சிரிப்பு.

"அதிர்வு தெரியுது அவனுக்கு. சத்தம் தெரியலை" என்றார் டாக்டர். "நீங்க ப்ளேன் வந்தா சிரிக்கிறான்னு சொன்னது இதுதான். கட்டில்லயும் சுவர்லயும் வர்ற அதிர்வு."

அவனுக்குப் பசித்திருக்க வேண்டும். என்னைப் பார்த்து விரலைக் குவித்து வாயருகே கொண்டுபோனான். டாக்டர் ஆச்சரியத்தோடு, "இதை யாரு சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லிக் கொடுக்கலீங்க. நாங்க எல்லாரும் அப்படித்தான் பேசுவோம்" என்றேன்.

"இதை விட்டுடாதீங்க" என்றார்.

அப்பா பொறுமை இழந்தார். "டாக்டரம்மா, ப்ளேன் சத்தத்தாலதானே இப்படி ஆச்சு? அதைச் சொல்லுங்க."

"அப்படித் தெரியலைங்க. நான் வேற ஒண்ணு கேக்கணும்." டாக்டர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "இவன் வயித்துல இருந்தப்ப, முதல் ரெண்டு மூணு மாசத்துல, காய்ச்சல் வந்து உடம்புல சிவப்பா எதுவும் போட்டுச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றாள் அத்தை. கேள்வி முடிவதற்குள் வந்துவிட்டது பதில்.

டாக்டர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையின் கை அம்மாவின் முழங்கையைப் பிடித்திருந்தது. நான் தரையைப் பார்த்தேன். எனக்கும் தெரியுமே. குத்தாலம் என்று நானும்தானே எல்லாரிடமும் சொன்னேன். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அம்மா அத்தையின் பேச்சுக்கு மறுபேச்சு பேசி நான் கேட்டதில்லை.

"போட்டுச்சுங்க" என்றாள் அம்மா. "மணல்வாரி."

அத்தையின் கை கீழே விழுந்தது.

"யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"இல்லீங்க. அம்மைக்கு நாங்க காட்ட மாட்டோம்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். திட்டவில்லை. "காட்டியிருந்தாலும் அதுக்கு மருந்து கிடையாதும்மா. ஆனா இப்படி ஆகலாம்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். பொறந்ததுலேருந்தே கவனிச்சிருக்கலாம். நீங்க மணல்வாரின்னு சொல்றதுல ஒரு வகை வயித்துப் புள்ளையோட காதைக் கெடுத்துடும். புள்ளைத்தாய்ச்சி இந்த அம்மை பக்கத்துலயே போகக்கூடாது. தெரிஞ்சவங்களுக்குச் சொல்லுங்க."

பஸ்ஸில் திரும்பும்போது அத்தை என்னைத் தாண்டிக் குனிந்து அம்மாவிடம் ரகசியமாகப் பேசினாள். "ஊருல யாரு கேட்டாலும் ப்ளேன்னே இருக்கட்டும். அம்மை போட்டு மறைச்சவன்னு உன்னைப் பேசுவாளுவ. கோயில்லயும் தலைகாட்ட முடியாது. உனக்காகத்தான் சொல்றேன்." அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா முன் சீட்டில் இருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும், திரும்பிப் பார்க்கவில்லை. ஆக, ப்ளேன் என்றே இருந்தது. அதைச் சொல்வது எல்லாருக்கும் சுலபமாக இருந்தது. வானத்தில் போகிற ஒன்றின்மேல் பழியைப் போட்டால் அது வந்து மறுக்கவா போகிறது?

ஆற்றில் தண்ணீர் வந்து, குறுவை நடவு தொடங்கியது. வேலியோரத்து வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நாற்றுமுடிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா வரப்பில் கஞ்சிப் பானையோடு உட்கார்ந்திருந்தாள், தம்பி மடியில். அத்தை நின்றுகொண்டு, நெருக்கி நடு, விலக்கி நடு என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

நடவுக்காரிகளில் ஒருத்தி புதிதாகக் கல்யாணம் ஆகி வந்தவள். முழுகாமல் இருந்தாள், மூன்று மாதம். அவள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு அத்தையிடம் சொன்னாள்: "நாளைக்கு நான் வரமாட்டேன் அத்தை. எங்க கொழுந்தனுக்கு மணல்வாரி போட்டிருக்கு. நான்தான் பக்கத்துல இருந்து பாத்துக்கிறேன். நாளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தணும்."

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை உள்ளங்கையைக் கவிழ்த்து, லேசாக, இரண்டு தடவை கீழே அழுத்தினாள். உட்கார். பேசாதே. எங்கள் கைப்பேச்சில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

அப்போதுதான், அத்தனை நாளுக்குப் பிறகு, விமானம் வந்தது.

பெண்கள் நாற்றை அப்படியே போட்டுவிட்டுக் காதைப் பொத்தினார்கள். அம்மா தம்பியை மடியிலிருந்து இறக்கி வரப்பில் உட்கார வைத்தாள். அவன் இரண்டு உள்ளங்கையையும் ஈர மண்ணில் ஊன்றிக்கொண்டான். அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். வாடிக் கிடந்த பிள்ளை வாயைத் திறந்து சிரித்தான். அத்தை அவனைத் தூக்க ஓடிவந்தாள். அம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

சத்தம் போனதும் ஒருத்தி வானத்தைப் பார்த்துக் கத்தினாள். "நாசமாப் போறவனுவளா! ஒரு பச்சைப் புள்ளை காதைப் புடுங்கினது பத்தலையா உங்களுக்கு? திரும்ப வந்துட்டானுவ!"

"அதைத் திட்டாதீங்க" என்றாள் அம்மா. "அவனுக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"காது போனதுக்கு ப்ளேன் காரணம் இல்லை. இவன் வயித்துல இருந்தப்ப எனக்கு மணல்வாரி போட்டுச்சு. நான் குத்தாலத்துக்கெல்லாம் போகலை. உள்ளதான் படுத்திருந்தேன். மறைச்சுட்டோம். டாக்டரம்மா கேட்டாங்க, அதனாலதான்னு சொன்னாங்க." முழுகாமல் இருந்த பெண்ணைப் பார்த்தாள். "நீ அந்த வூட்டுக்குத் திரும்பப் போவாத. இப்படியே உங்க அம்மா ஊட்டுக்குப் போ. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொல்லு. உன் மாமியாகிட்ட நான் பேசிக்கிறேன்."

அத்தையைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவள் முகம் வெளுத்திருந்தது. அந்தப் பெண் சேற்றில் நின்றபடியே வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "அத்தை, நெசமா?" என்றாள். கேட்டது அம்மாவிடம் இல்லை. அத்தையிடம். ஊரில் பெண்கள் எதைக் கேட்பதானாலும் அத்தையிடம்தான் கேட்பார்கள்.

அத்தையின் கை இடுப்புச் சாவிக்குப் போனது.

"நெசந்தான்" என்றாள் கடைசியில். "நாந்தான் மறைக்கச் சொன்னேன். நீ போ. நிக்காத, போ."

அந்தப் பெண் வாய்க்காலில் கை கால் கழுவிக்கொண்டு வரப்போடு வேகமாக நடந்தாள், பிறகு ஓடினாள். நடவு வரிசையில் அவள் நின்ற இடம் காலியாகக் கிடந்தது. நிலம் சொந்தமான நாளிலிருந்து அத்தை சேற்றில் கால் வைத்ததில்லை. இடுப்புச் சாவியை அவிழ்த்து அம்மாவின் பக்கத்தில் வரப்பில் வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். அந்தப் பெண் போட்டுவிட்டுப் போன நாற்றுமுடியை எடுத்துப் பிரித்து, யாரையும் பார்க்காமல் நட ஆரம்பித்தாள்.